சிறுமலைக் குதிரைப்பாதையில் இரண்டு சைக்கிள்

மலைக்குப் போகிறேன் என்றால் எல்லாரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் போனது இறங்குவதற்கு. மன்னார்குடியில் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிற நாற்பத்து மூன்று வயதுக்காரி, காட்டுக்குள் சைக்கிளில் கல்லு கல்லாக இறங்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் சும்மாவா இருப்பார்கள்? என் கணவர் தடுக்கவில்லை. இன்சூரன்ஸ் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

கூப்பிட்டவன் சாதிக். கல்லூரியில் என்னோடு படித்தவன். திண்டுக்கல்லில் குடும்பத்துத் தோல் கடையைப் பார்த்துக்கொள்கிறான். செருப்புத் தோல், மாட்டுக் கழுத்துப்பட்டை, குதிரைக்கு வார், மணி எல்லாம் விற்கிற கடை. கடை நேரம் போக மிச்ச உயிரெல்லாம் மலை சைக்கிளில்தான். சிறுமலையில் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டு, அரசாங்கக் காட்டு எல்லைக்குள் கால் வைக்காமல், மேலிருந்து அடிவாரம் வரை சைக்கிள் தடம் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பன்னிரண்டு பேர் ஓட்டிப் பார்க்க வருவதாக இருந்தது. "அதுக்கு முன்னாடி ஒரு பயந்தாங்கொள்ளி ஓட்டிப் பாக்கணும் மாலதி. எனக்குத் தெரிஞ்சு உன்னைவிட்டா ஆள் இல்ல" என்றான். பாராட்டா வசவா என்று யோசித்து முடிப்பதற்குள் காலாண்டு விடுமுறை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் திண்டுக்கல்லில் இறங்கினேன். பஸ்ஸிலிருந்து இறங்கினதுமே ஒரு பிரியாணிக் கடைக்காரர் என் பையைப் பிடித்து இழுக்காத குறை. நான் சைவம் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. சாதிக்கின் மனைவி நஸீமா அந்த வருத்தத்தையெல்லாம் ஈடுகட்டிவிட்டாள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்து, "அக்கா, மலையில விழுந்து எந்திரிக்கணும்னா வயித்துல பலம் வேணும்" என்று சொல்லிச் சொல்லியே ஏழு இடியாப்பம் போட்டாள். விழுவது என்று முடிவே செய்துவிட்டாள் போல.

எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல ஒரு ரயில்வே பாலம் உண்டு. அதில் ஏறி இறங்கித்தான் நான் பழகியிருந்தேன். சாதிக் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே சிறுமலை தெரிகிறது. கீழே சாலையில் பூ மூட்டை ஏற்றிய ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. புது ஊர் காரணமில்லை. பயம்தான்.

புதன்கிழமை காலை, மார்க்கெட்டில் எலுமிச்சை இறக்கிவிட்டு வெறுமனே மலைக்குத் திரும்புகிற, குட்டி யானை என்கிற ஒரு சின்னச் சரக்கு வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கட்டியிருந்த சைக்கிள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. எங்கள் ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் வடையையும் பிடித்திருந்தார்.

"நேத்து ஏழாவது வளைவுல காட்டுமாடு நின்னுச்சு" என்றார், வடையை மென்றுகொண்டே. "ஆரன் அடிக்கக் கூடாதுங்க. அதுவாப் போற வரைக்கும் செத்த நேரம் நிக்கணும். சைக்கிள்ல போறவுகளும் அப்பிடித்தான். பின்னாடி கல்லு உருளுற சத்தம் கேட்டுச்சுன்னா திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, நகந்துருங்க."

அந்தப் புத்திமதியை நான் கவனமாக மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

மேலே தோட்டத்தின் முனையில் தடம் ஆரம்பிக்கிறது. காபிச் செடிக்கும் பலா மரத்துக்கும் நடுவில் ஒரு முழ அகலத்தில் செம்மண் கோடு. சாதிக் முன்னால் போனான். "பள்ளத்தப் பாக்காத. பாக்குற எடத்துக்குத்தான் சைக்கிள் போகும்" என்று கத்திக்கொண்டே மறைந்துவிட்டான். பள்ளத்தைப் பார்க்காதே என்று சொன்ன பிறகு வேறு எதைப் பார்ப்பது? இரண்டு பிரேக்கையும் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. முதல் கிலோமீட்டரில் மூன்று தடவை காலை ஊன்றினேன். நான்காவது தடவை ஊன்றவில்லை. டயர் கல்லிலிருந்து கல்லுக்கு இறங்கிய வேகத்தில் வயிறு ஒரு கணம் இலேசானது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகத்தான் ஆட்கள் இத்தனை பாடுபடுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

பாதி மலையில் தடம் ஒரு பழைய குதிரைப்பாதையோடு சேர்ந்து, அரை கிலோமீட்டர் அதிலேயே ஓடி, பிறகு இடது பக்கமாகப் பிரிகிறது. சரிவில் இருக்கிற தோட்டங்களுக்கு ரோடு கிடையாது. எலுமிச்சை, மலைவாழை, சௌசௌ எல்லாம் குதிரை முதுகில்தான் கீழே இறங்க வேண்டும். அந்தப் பாதையில் ஒரு வளைவைத் திரும்பினேன், எதிரே என் மூக்குக்கு இரண்டடி தூரத்தில் ஒரு குதிரையின் பின்புறம். பிரேக்கை அமுக்கினதில் பின் சக்கரம் வழுக்கி, உண்ணிச்செடிப் புதருக்குள் சைக்கிளோடு போய் விழுந்தேன்.

குதிரை இரண்டு முன்னங்காலையும் தூக்கிவிட்டது. முதுகில் இருபுறமும் தொங்கிய மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. அதற்கு முன்னால் இன்னொரு குதிரை. இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். குதிரை காலை இறக்கி நின்று நடுங்கியது. அப்புறம்தான் அவர் என்னைப் பார்த்தார்.

"இப்பிடிச் சத்தமில்லாம வந்து விழுந்தா என்னத்துக்காகும்?" குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "முன்னாடி போறவ ராணி, பழகுனவ, எதுக்கும் அசைய மாட்டா. இவன் செவலை. சின்னப்பய. மெரண்டான்னா பொதியோட பள்ளத்துலதான் கெடப்பான்."

அதற்குள் சாதிக் திரும்பி வந்துவிட்டான். அவருக்கு அவனைத் தெரிந்திருந்தது. "பாய், உங்க கடையிலதான் ராணிக்கு மணி வாங்குனேன். உங்கள ஒண்ணுஞ் சொல்லவும் முடியல. ஏதாச்சும் சத்தமாவது குடுத்துட்டு வாங்க" என்றார்.

சாதிக் என்னை டீச்சர் என்று அறிமுகப்படுத்தினான். அவர் பெயர் ராசாத்தி. வயது நாற்பதுக்குள் இருக்கும். அன்று ரேஷன் வாங்கக் கீழே போக வேண்டியிருந்ததால் கூட வந்திருக்கிறார். மற்ற நாளெல்லாம் குதிரைகள் தாமாகவே இறங்கும். மேலே ராசாத்தி காய் பறித்து, மூட்டை கட்டி, பொதி ஏற்றி அனுப்புவார். கீழே அவர் கணவர் வேலு இறக்கிவிட்டு, வெறும் முதுகோடு திருப்பி அனுப்புவார். வேலுவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததிலிருந்து மலை ஏற முடியாது. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தர், நடுவில் ஏழு கிலோமீட்டர் குதிரைகள் மட்டும். ராணிக்கு வழி தெரியும். செவலைக்கு ராணியின் மணி தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு நடை. அந்தக் குடும்பம் ஓடுவது இப்படித்தான்.

அன்று மீதி வழியைக் குதிரைப்பாதையிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, அடிவாரத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். "வெஞ்சனம் என்னங்க வைக்க?" என்று கேட்ட அம்மாவிடம் பொரியல் கேட்டு வாங்கினேன். சாதிக் சாப்பிடவே இல்லை. "அந்தக்கா சொன்னது சரிதான். நம்ம மேலதான் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினான். உள்ளே தோல் பட்டையில் கோத்த வெண்கல மணி. கைக்குள் அடங்குகிற அளவு.

"சைக்கிள் கடை மணி கிணுகிணுன்னு இருக்கும், குதிரை மெரளும். இது அதுக பொறந்ததுலேருந்து கேக்குற சத்தம். மெரளவே மெரளாது" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஹேண்டில்பாரில் கட்டி, வீட்டு வாசலில் ஒரு சுற்று வந்து காட்டினான். நஸீமா, "குதிரை வண்டி வந்துருச்சு" என்று கேலி செய்தாள். நான் நல்ல யோசனை என்று தலையாட்டினேன். பதினெட்டு வருஷமாக, எதை எதோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பாடம் நடத்துகிறவள். இதை எழுதும்போது எனக்கு அதிகம் வெட்கமாக இருப்பது அந்தத் தலையாட்டலுக்குத்தான்.

வியாழக்கிழமை மேகம் போட்டிருந்தது. பாறைகளில் ஈரம். குதிரைப்பாதையைத் தொடுகிற இடத்தில் நின்றோம். கீழே தூரத்தில் ராணி மட்டும் தெரிந்தாள், மணி ஆட, நிதானமாக. "ரெண்டும் போயிருச்சு. கொஞ்சம் இடைவெளி விட்டுப் போவோம்" என்றான் சாதிக். ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். எவ்வளவு பொறுப்பானவர்கள் நாங்கள் என்று நினைத்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. செவலையை இருவருமே கண்ணால் பார்க்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அரை கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினோம். கல்லுக்குக் கல் மணி அடித்தது. பிறகு இடது பக்கம் எங்கள் தடத்தில் திரும்பினோம். அங்கே ஒரு பாறை விளிம்பு வருகிறது. வலது பக்கம் பாறைச் சுவர், இடது பக்கம் பள்ளம். எட்டிப் பார்த்தேன், கீழே மர உச்சிகள்தான் தெரிந்தன. நடுவில் ஆறடிக்குப் பாதை அறுந்திருந்தது. சாதிக் அதில் மூன்று பலகை போட்டு இணைத்திருந்தான். ஒரு ஆளையும் ஒரு சைக்கிளையும் தாங்குகிற பலகை. நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இருவரும் தள்ளிக்கொண்டே தாண்டினோம்.

தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நஸீமா கொடுத்துவிட்ட புளிச்சோற்றைப் பிரித்தோம். இரண்டாவது வாய் வைக்கும்போது மேலே கல் உருண்டது. சாதிக் கையை உயர்த்தினான். சத்தம் நின்றது. மறுபடி உருண்டது.

"காட்டுமாடு" என்றான் உதட்டை மட்டும் அசைத்து.

பொட்டலத்தை மடித்து, சைக்கிளை எடுத்தோம். ஓட்டுநர் சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று நினைத்துக்கொண்டே கல்லில் இறங்குவது எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்கலாம். நான் பிரேக்கைத் தொடவே இல்லை. என் வாழ்நாளில் அத்தனை நன்றாகச் சைக்கிள் ஓட்டியதில்லை.

அடிவாரத்தில் டீக்கடை முன்னால் போய் நின்றபோது மணி இரண்டரை. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எதிரே புளியமரத்தடியில் ராணி பொதி இறக்கி நின்று புல் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் வேலு.

"வர்ற வழியில குதிரை ஒண்ணு பாத்தீகளா?" என்றார். "ராணி வந்து அரை மணி ஆகுது. செவலையக் காணோம். ஒரு நாளும் இப்பிடிப் பிந்த மாட்டான்."

பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சாதிக் சைக்கிளை மரத்தில் சாய்த்தான். மணி அடித்தது. ராணி புல்லிலிருந்து தலையைத் தூக்கினாள். காதை முன்னால் திருப்பி, நடந்து வந்து, சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பின்னால் நின்றாள். நின்று, புறப்படுவதற்காகக் காத்திருந்தாள்.

டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்த மணி எங்க வாங்குனது பாய்?" என்றார் வேலு.

"நம்ம கடைதான்" என்றான் சாதிக்.

எங்கள் பின்னால் வந்தது காட்டுமாடு இல்லை. பின்தங்கி எங்கோ மேய்ந்துகொண்டிருந்த செவலை, பக்கத்தில் கேட்ட மணியை ராணி என்று நம்பி எங்கள் தடத்தில் திரும்பியிருக்கிறது. நாங்கள் நின்றபோது அதுவும் நின்றிருக்கிறது. நாங்கள் அதைவிட்டு ஓடியிருக்கிறோம், பாறையையும் பலகையையும் அதற்கு விட்டுவிட்டு.

வேலு போனில் ராசாத்தியிடம் சொன்னார். நாலே வார்த்தைதான். மேலேயிருந்து அவர் இறங்குவதாகவும், கீழேயிருந்து நாங்கள் ஏறுவதாகவும் முடிவானது. வேலு இரண்டடி எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டார். "மணியக் கையில எடுத்துக்குங்க. பொதருக்குள்ள எங்குட்டாச்சும் நின்னான்னா சத்தத்துக்கு வந்துருவான்" என்றார். நான் மணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன்.

ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நான் முதலில் பள்ளத்தைத்தான் பார்த்தேன். எலுமிச்சம்பழம் ஏதாவது சிதறிக் கிடக்கிறதா என்று பார்த்தேன். கிடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், எந்தச் சாமியை என்று நினைவில்லை.

பாறை விளிம்பில்தான் நின்றது. எங்களை நோக்கி, ஒரு முன்னங்கால் பலகையின் மேல், மற்ற மூன்றும் ஈரப் பாறையில். வலப்பக்க மூட்டை சுவரில் உரசி, குதிரையைப் பள்ளத்துப் பக்கம் நெட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்க மூட்டை அந்தரத்தில் தொங்கியது. திரும்ப இடமில்லை. வால் பக்கம் ராசாத்தி, பாறையில் ஒட்டிக்கொண்டு, வாலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பார்த்த அதிர்ச்சியில் என் கை அசைந்து மணி ஒரு தடவை அடித்தது. செவலை உடனே காதை நிமிர்த்தி, இன்னொரு முன்னங்காலையும் பலகையில் வைத்தது. பலகை முனகியது.

"அத அமுக்குங்க டீச்சர்" என்றார் ராசாத்தி, தாழ்ந்த குரலில். "இன்னொரு தரம் கேட்டான்னா வந்துருவான்."

மணியின் நாக்கை விரலுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பலகை முனை பாறையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. சாதிக் பாய்ந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் அங்கிருந்து அசைய முடியாது.

ராசாத்தி இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்தார். இரண்டு மூட்டைகளையும் இணைத்து முதுகின் மேல் ஒரே கயிறுதான் போகிறது. அதை அறுத்தால் இரண்டும் ஒன்றாக விழும். ஒன்று மட்டும் விழுந்தால் மற்றதன் பாரம் குதிரையைச் சாய்த்துவிடும். பாறையில் முழங்காலை ஊன்றி, எட்டி, ஒரே இழுப்பில் அறுத்தார். இடப்பக்க மூட்டை பள்ளத்தில் போனது. கீழே அது மோதிய சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது. வலப்பக்கத்து மூட்டை சுவருக்கும் வயிற்றுக்கும் நடுவில் சிக்கி நின்று, மெல்ல நழுவி, காலடியில் விழுந்தது.

"இனிப் பின்னாடி வரணும். நான் இழுத்தா வர மாட்டேங்கிறான். மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கு, மணி அந்தப் பக்கம் இருக்கு. மணி இங்கிட்டு வரணும்" என்றார்.

எறிந்தால் வழியெல்லாம் அடிக்கும், கை தவறினால் பள்ளத்தில் போய்விடும். சாதிக்கால் எழுந்திருக்க முடியாது. பாறைச் சுவரின் மேல் ஏறிச் சுற்றிப் போகலாம். அங்கே வேர்கள் தொங்கின. மீதம் இருந்தது நான் ஒருத்திதான். ரயில்வே பாலத்துக்கே கைப்பிடி தேடுகிறவள்.

ஷூவைக் கழற்றினேன். காலுறையை மணிக்குள் திணித்து, மணியை ஜாக்கெட்டுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். ஏறினது எனக்குத் தொடர்ச்சியாக ஞாபகம் இல்லை. ஒரு வேர் கையோடு வந்தது. ஒரு இடத்தில் செவலையின் முதுகு எனக்கு நேர் கீழே இருந்தது, வேர்வையில் கறுத்து, தோல் துடித்துக்கொண்டு. நான் விழுந்தால் அதையும் தள்ளிக்கொண்டுதான் விழுவேன் என்று தோன்றியது. அப்போது அழுதேன் என்று நினைக்கிறேன். மறுபக்கம் இறங்கினதும் ராசாத்தி என் கையிலிருந்து மணியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

குதிரையைப் பார்த்தபடியே பாதையில் பின்னோக்கி நடந்தார். நடையின் தாளத்துக்கு மணியை ஆட்டினார். செவலையின் காதுகள் பின்பக்கம் திரும்பின. முன்னால் சாதிக், பின்னால் மணி. எது சரி என்று அதற்குப் புரியவில்லை, அந்தக் குழப்பம் உடம்பெல்லாம் தெரிந்தது. ஒரு கால் பின்னால் வந்தது. அடுத்த கால். மூன்றாவது அடியில் பின்னங்கால் விளிம்பைத் தாண்டி வழுக்கி, வயிறு பாறையில் மோதி, ஒரு பலகை பிய்ந்து பள்ளத்தில் விழுந்தது. ராசாத்தியின் கை நிற்கவில்லை. அதே தாளம், அதே வேகம். செவலை உதைத்து, ஏறி, பின்னால் வந்து, அகலமான மண் பாதையில் நின்றது. பின்னங்காலில் தோல் கிழிந்து ரத்தம் ஓடியது. அப்போதுதான் ராசாத்தி மணியைக் கீழே போட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

கால்நடை டாக்டர் சாயங்காலமே மேலே வந்து செவலைக்குத் தையல் போட்டார். எலும்பில் ஒன்றும் இல்லை, பத்து நாளைக்குப் பாரம் ஏற்றாதீர்கள், வெறுமனே நடக்கலாம் என்றார். அன்றைக்கே சாதிக் சென்னைக்காரர்களுக்கு வர வேண்டாம் என்று தகவல் அனுப்பினான். மிச்சமிருந்த பலகைகளைத் தானே பிடுங்கினான். ராசாத்தி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் சாப்பிட்டிருப்பான்.

வெள்ளிக்கிழமை காலை சைக்கிள் இல்லாமல், பஸ்ஸில் மேலே போய், அங்கிருந்து நடந்து ராசாத்தியின் தோட்டத்துக்குப் போனோம். மருந்து கொடுத்துவிட்டு வருவதுதான் உத்தேசம். ராணிக்குப் பொதி ஏற்றியாகிவிட்டது. செவலைக்கு உரிய இரண்டு மூட்டைகளும் தரையில் இருந்தன. "சும்மா பின்னாடி போயிட்டு வரட்டும். பழக்கம் விட்டுறக் கூடாது" என்றார் ராசாத்தி, ராணியின் முதுகைத் தட்டி அனுப்பினார்.

மணி நகர்ந்தது. செவலை நகரவில்லை. காது இரண்டும் மணியின் பின்னாலேயே போயின. கால்கள் போகவில்லை. ராசாத்தி கழுத்தைத் தடவினார், தள்ளினார், முன்னால் போய் நின்று கூப்பிட்டார். மணிச் சத்தம் முதல் திருப்பத்தில் தேய்ந்து, இரண்டாவது திருப்பத்தில் இல்லாமலே போனது. அது போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நேத்து கேட்டதும் இதே சத்தந்தான பாய்" என்றார். "எதத்தான் நம்புவான்."

சாதிக் தலை குனிந்து நின்றான். செவலையின் காலில் இருந்த காயம் பத்து நாளில் ஆறிவிடும். இது எத்தனை நாளில் ஆறும் என்று டாக்டருக்கும் தெரிந்திருக்காது. ராசாத்தி கூடவே இறங்கி ஏறினால் மேலே காய் பறிக்க ஆள் இல்லை. இரண்டு நடை ஒரு நடையாகும். எங்கள் மூவருக்குமே அந்தக் கணக்கு தெரியும்.

ராசாத்தி சும்மாடு சுற்றி ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். இன்னொன்றை நானும் சாதிக்கும் ஒரு கம்பில் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டோம். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நடந்தோம்.

"வாரானா?" என்றார். தலைச்சுமையோடு அவரால் திரும்ப முடியாது.

திரும்பிப் பார்த்தேன். "நிக்கிறான்" என்றேன்.

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. பேச ஆரம்பித்தார். "ஏலே செவலை, அங்கயே நின்னா யாரு உனக்குத் தீனி வைப்பா? ராணி போய்ட்டா. அவுக கீழ காத்துக்கிட்டு இருக்காக. கொள்ளு ஊற வச்சிருக்கேன், வெல்லம் கேட்டியே, அதும் வாங்கியாச்சு." குதிரை எப்போது வெல்லம் கேட்டது என்று நான் கேட்கவில்லை. "உன்னைய எம்புட்டுச் சின்னதுல வாங்குனேன் தெரியுமாலே? ஆட்டுக்குட்டி கணக்கா இருந்த. அம்புட்டுப் பேரும் இது பொதி சொமக்காதுன்னாக."

எங்கள் பின்னால் ஒரு குளம்புச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அந்தச் சத்தமும் நின்றது. அவர் பேசினால் அது நடந்தது. அதைக் கண்டுகொண்டதும் அவர் நிறுத்தவே இல்லை. வாங்கின கதை, வாங்கின வருஷத்து மழை, வேலு விழுந்த மரம், ரேஷன் கடைக்காரரின் குணம், எங்கள் சைக்கிள், எங்கள் புத்தி எல்லாம் வந்தது. எங்களை அவர் திட்டியது செவலையிடம்தான். எங்கள் தடம் பிரிகிற இடத்தில் செவலை அந்தப் பக்கம் மூக்கை நீட்டி நின்றது. ராசாத்தி குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அது எங்கள் பக்கம் திரும்பியது. குரல் கம்மியது, பேசினார். இருமல் வந்தது, இருமலுக்கு நடுவிலும் பேசினார். நான் பதில் சொல்லி உதவலாமென்று வாயைத் திறந்தேன். என் குரல் கேட்டதும் குளம்புச் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அடிவாரம் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வேலு ஊன்றுகோலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் தலையிலிருந்து மூட்டையை இறக்கினார். பின்னால் வந்து நின்ற செவலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நீ எதுக்குப் புள்ள வந்த? மேல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

ராசாத்தி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.